இரண்டு மணிக்குக் காற்று திரும்பும் என்றேன்

எனக்கு உதவி செய்தவர்களின் முகங்கள் சில மறந்துபோய்விட்டன. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகம் ஒன்றுகூட மறக்கவில்லை. அதிலே முதல் வரிசையில் நிற்பவர் மல்கிரேவில் இருந்த எஞ்சினியர். பெயர் எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் மெல்பேர்ணில் அந்தக் காலத்தில் இருந்த தமிழருக்கு ஆள் விளங்கும். அப்போது நாங்கள் மொத்தம் முப்பது நாற்பது குடும்பங்கள்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வந்தவர்கள் எல்லாரும் டாக்டர், எஞ்சினியர், கணக்காளர். நான் கப்பலில் வந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இறைச்சிப் பெட்டிகள் அடுக்கும் குளிர்க் களஞ்சியத்தில் வேலை செய்தேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய குளிரூட்டி லொறிகள் வெரிபீ றோட்டிலே ஓடுகின்றன. அவற்றை ஒருவனும் எனக்கு இனாமாகத் தரவில்லை. ஆனால் நான் சொல்லப்போவது லொறிகளுக்கு முந்தின கதை.

குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த முப்பது நாற்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நோர்வேயின் வட கரையில் மூன்று குளிர்காலம் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன் நான். அங்கே அலை அடித்தால் தண்ணீர் தளத்திலேயே ஐஸாகிவிடும். அதை மரச் சம்மட்டியால் அடித்து உடைத்துக் கடலுக்குள் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் மேல்பாரம் கூடிக் கப்பல் கவிழும். பனி எப்போது வரும், எந்தப் பக்கத்தால் வரும் என்று முன்கூட்டியே அறிவது அங்கே பொழுதுபோக்கு அல்ல. நான் அறிந்துகொண்டேன். தென்மேல் காற்று மழை கொண்டுவரும். அது வடமேலுக்குத் திரும்பினால் பனி. காற்று நிலத்தில் இருந்து வந்து வானம் துடைத்த மாதிரி இருந்தால் பனி விழாது, ஆனால் அந்தக் குளிர்தான் ஆளைக் கொல்லும். மூக்குமயிர் ஊசி மாதிரிக் குத்தும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் இரும்போடு போய்விடும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது இல்லை. இடது கைச் சுண்டுவிரலின் நுனியைக் கொடுத்துப் படித்தது.

அந்தப் படிப்பை நம்பித்தான் முதலில் அவமானப்பட்டேன்.

ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்ச எல்லாரும் எஞ்சினியர் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. ஆடிப்பிறப்பு என்றால் இங்கே நடுக் குளிர்காலம். பின்வளவில் அடுப்பு மூட்டி, அரிசிமாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் காய்ச்சி, வெளியிலேயே இருந்து குடிக்கலாம் என்று பெண்கள் யோசித்திருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் நான் வெளியில் நின்று பார்த்தேன். வடக்குக் காற்று கிளம்பியிருந்தது. வடக்கு என்றால் எனக்கு நோர்வே. உடனே போன் எடுத்துச் சொன்னேன், நாளைக்குக் கொடுங்குளிர், பனி விழுந்தாலும் ஆச்சரியம் இல்லை, வெளியில் அடுப்பு வைக்காதீர்கள் என்று. கப்பல்காரன் சொல்கிறானே என்று எல்லாரும் நம்பினார்கள்.

மறுநாள் முப்பது பேர் கம்பளிச் சட்டையும் குல்லாவுமாக எஞ்சினியரின் கார்க் கொட்டகைக்குள் அடைந்து இருந்தோம். அடுப்பும் உள்ளே, கூழ்ப் பானையும் உள்ளே. கதவு சாத்தியிருந்தது. பத்து மணிக்கு எல்லாருக்கும் வேர்க்கத் தொடங்கியது. பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடியது. வெளியிலே யாழ்ப்பாணத்து மார்கழி மாதிரி இளஞ்சூடு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கையில்லாத பெனியனோடு புல்லு வெட்டிக்கொண்டு நின்றான்.

இந்த நாட்டில் வடக்குக் காற்று பாலைவனத்தில் இருந்து வருகிறது. அதை நான் யோசிக்கவில்லை. பிழை என்னுடையது, மறுக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் எஞ்சினியர் சிரட்டைக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டார்:

"அண்ணை, எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீங்கள்?"

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சாம் வகுப்பில வடக்கு தெற்கு சொல்லித் தரேல்லையோ?"

கொட்டகையே குலுங்கியது. நான் கொண்டுபோன பலாப்பழத் தகரப் பேணிகளைக்கூடத் திருப்பி எடுக்காமல் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், "என்ன அண்ணை, இண்டைக்குக் குடை எடுக்கவோ, குல்லா எடுக்கவோ?" என்று கேட்க ஒருவன் இருந்தான். கேட்டவன் யாராக இருந்தாலும் என் காதில் விழுந்தது எஞ்சினியரின் குரல்தான். இந்த ஆளை இதே சனத்தின் முன்னால் தலை குனிய வைக்காமல் நான் சாக மாட்டேன் என்று முடிவெடுத்தேன். அதுவும் வேறு எதனாலும் அல்ல, குளிரால்.

பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் ஒரு பாரோமீற்றர் வாங்கினேன். காற்றின் பாரத்தை முள்ளால் காட்டும் பித்தளைப் பெட்டி அது. களஞ்சியத்தில் காலையில் ஒருதரம், சாப்பாட்டு நேரத்தில் ஒருதரம், வேலை முடிய ஒருதரம் துறைமுக மேடைக்குப் போய் நிற்பேன். முள் எங்கே, காற்று எந்தப் பக்கம், முகில் எப்படி. எழுதுவது எனக்குக் கஷ்டம் என்பதால் கொப்பியில் அம்புக்குறிதான் போட்டேன். கூட வேலை செய்த கிரேக்கன் எனக்கு விசர் என்று நினைத்தான். நினைக்கட்டும். நாலு மாதத்தில் விசயம் பிடிபட்டது. வடக்கே, நோர்வேயில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் கெட்ட வானிலை இடது கைப்பக்கம் இருக்கும். இங்கே வலது கைப்பக்கம். கண்ணாடியில் முகம் பார்க்கும்போது வகிடு மாறித் தெரிவதுபோல எல்லாம் மாறி இருந்தது. வடக்குக் காற்று சூடு. முள் இறங்க இறங்க அது இன்னும் பலமாக வீசும். பிறகு ஒரு நிமிடம் காற்றே இல்லை. பிறகு தென்மேலில் இருந்து அடிக்கும், அதுதான் குளிர். முள் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பார்த்தால் மணிக்கணக்கும் சொல்லலாம். ஒரு வருடம் முடியும்போது நான் சொன்ன நேரத்துக்கும் காற்று திரும்பிய நேரத்துக்கும் அரை மணித்தியாலம்கூட வித்தியாசம் வரவில்லை. இந்த ஊரில் பட்டம் வாங்கிய எத்தனை பேரால் அது முடியும்?

யாருக்கும் சொல்லவில்லை. சந்தர்ப்பம் வரட்டும் என்று இருந்தேன்.

அடுத்த ஓகஸ்டில் வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு பஸ் பிடித்து, வோபேர்ட்டனுக்கு மேலே உள்ள மலைக்குப் பனி பார்க்கப் போனது. ஊரில் இருந்து வந்த எல்லாருக்கும் பனியில் நின்று ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் எஞ்சினியர்தான். அவர் பஸ்ஸில் வரவில்லை. புதுக் காரில் மனைவியையும், ஊரில் இருந்து வந்திருந்த மாமனாரையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போவதாக ஏற்பாடு. மாமனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மருமகன் எவ்வளவு பெரிய ஆள் என்று அவருக்குக் காட்ட வேண்டும் அல்லவா.

அன்று விடிய என் முள் படியில் உருளும் பந்து மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. வடக்குக் காற்று. உயரத்தில் குதிரைவால் முகில் வடமேலில் இருந்து நீண்டு கிடந்தது. பஸ்ஸடியில் எல்லாரும் நிற்கும்போது எஞ்சினியரிடம் போனேன்.

"தம்பி, ரெண்டு மணிக்குக் காத்து திரும்பும். ஒரு மணிக்குச் சனம் பஸ்ஸில ஏற வேணும். அதுக்குப் பிறகு மலையில நிக்கேலாது."

"றேடியோ கேட்டனான் அண்ணை. பதினாறு டிகிரி."

"உது பட்டணத்துக்குச் சொன்னது. மலைக்கு இல்லை."

"மல்கிரேவுக்குப் பனி சொன்ன ஆள் நீங்கள்," என்று அவர் மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, இவர்தான் நான் சொன்ன வானிலைச் சாத்திரியார்."

சனம் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தார்.

உண்மையை எழுதுகிறேன். இரண்டாம் தரம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். முள் எப்படி இறங்குகிறது என்று கொப்பியை எடுத்துக் காட்டியிருக்கலாம். அவர் நம்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நம்பக் கூடாது என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஆனால் மற்றச் சனத்தோடு எனக்குப் பகை இல்லை. ஏறும்போது பஸ் சாரதியின் காதில் விசயத்தைப் போட்டேன். அவன் மலைப்பக்கத்தில் வளர்ந்தவன். வானத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

மலையில் பனி சேறாகிக் கிடந்தது. மூடுபனிப் புகார் சூழ்ந்து மரங்களில் இருந்து தண்ணீர் ஒழுகியது. குளிர் என்று சொல்ல முடியாது. அதுதான் பொல்லாதது. பெண்கள் சேலையோடு, காலுறைக்கு மேலே செருப்பு. ஆண்கள் கோட்டும் பருத்திச் சட்டையும். பனியை உருட்டி எறிந்து, விழுந்து எழும்பி, பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் தெப்பமாக நனைந்துவிட்டார்கள். நனைந்த பருத்தியைப் போல ஒரு எமன் குளிருக்குள் இல்லை. நான் கம்பளிக்கு மேலே என் பழைய கப்பல் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மரத்தோடு நின்றேன். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரு மணிக்குச் சாரதி ஹோர்ன் அடித்தான். பிள்ளைகளுக்குப் பசி, இடியப்பமும் சம்பலும் பஸ்ஸுக்குள் இருந்தன, ஆகவே சனம் தானாகவே ஏறியது. எஞ்சினியர் ஏற வேண்டிய தேவை இல்லை. அவருக்குக் கார் இருக்கிறது.

"நீங்கள் போங்கோ," என்றார் யன்னலடியில் வந்து. "நாங்கள் உச்சியில இருக்கிற பார்வைக் கோபுரத்தையும் பாத்திட்டு வாறம். மாமா இவ்வளவு தூரம் வந்தது சேத்தைப் பாக்கிறதுக்கே?" பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குத்தானே அண்ணை? அதுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

மூன்று பேரும் உச்சிக்குப் போகிற பாதையில் நடந்து புகாருக்குள் மறைந்தார்கள். நான் ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டேன். அந்த வடையின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

பஸ் இரண்டு வளைவு இறங்கியதும் யோசனை வந்தது. அந்த ஆள் அங்கே செத்துப்போனால் நான் யாரைத் தலை குனிய வைப்பது? செத்தவனை எல்லாரும் நல்லவன் என்பார்கள். செத்த வீட்டில் அவனுடைய படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். நானும் போய் நின்று கேட்க வேண்டும். அதோடு அந்தப் பெண்ணும் கிழவரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. சாரதியை நிற்பாட்டச் சொன்னேன். கீழே போய் றோட்டு ஆட்களுக்கு அறிவிக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணிப் போத்தலோடு இறங்கி நடந்தேன்.

கார் நின்ற இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது இரண்டுக்குக் கொஞ்சம் இருந்தது. அவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. பாதையில் ஏறினேன். திடீரென்று காற்று நின்றது. மரங்களில் இருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு அடிக்க நாலு நிமிடம். தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு தென்மேலில் இருந்து அடித்தது பாருங்கள், நின்ற இடத்தில் என்னை ஒரு அடி பின்னால் தள்ளியது. பத்து நிமிடத்துக்குள் சேறு கல்லானது. பனி மேலே இருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது.

பாதிப் பாதையில் அவர்களைக் கண்டேன். கிழவர் மருமகனின் பெரிய கோட்டுக்குள் இருந்தார். எஞ்சினியர் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதை நான் மறைக்கவில்லை. அவர் நனைந்த சட்டையோடு நின்றார். மனைவி அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இவர் நடக்கிறார் இல்லை," என்றார் மனைவி. "சும்மா நிண்டு சிரிக்கிறார்."

சிரித்துக்கொண்டுதான் நின்றார். நடுக்கம் இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. "வெக்கையாக் கிடக்கு," என்றார். நோர்வேயில் என்னோடு ஐஸ் உடைத்த ஒருவன் இப்படித்தான் கையுறைகளைக் கழற்றிக் கடலில் எறிந்தான். நடுக்கம் நின்றுபோவதுதான் கடைசிக்கு முதல் படி. கையுறையை எறிந்தவன் பிறகு உயிரோடு கரைக்கு வரவில்லை.

நனைந்த சட்டையை உரித்து எறிந்து, என் கம்பளியை அவருக்குப் போட்டு, மேலே மழைச்சட்டையையும் மாட்டினேன். எனக்கு மிஞ்சியது பெனியனும் மேற்சட்டையும். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மனைவி, பின்னால் கிழவர் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. காற்றை எப்போதும் வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன், பாதை தெரியாத இடத்திலும் கார் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. மனைவி அவருடைய பொக்கெட்டில் இருந்து கார்த் திறப்பை எடுத்தார். நான்தான் ஓட்டினேன். ஹீற்றரை முழுதாகத் திறந்து, அவரைப் பின் சீற்றில் மனைவியோடு இருத்தி, இனிப்புத் தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னேன்.

என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சொல்லும் தம்பி," என்றேன், றோட்டில் இருந்து கண் எடுக்காமல். "ரெண்டு மணி எண்டு சொன்னனானோ, இல்லையோ?"

அவர் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்காதீர்கள். நாக்குக் குழறக் குழற, "பதினாறு ஏழு நூற்றிரண்டு," என்றார்.

"நூற்றுப் பன்னிரண்டு," என்றேன். அஞ்சாம் வகுப்புக்காரன்.

"ஓம், நூற்றுப் பன்னிரண்டுதான்," என்றார் பக்கத்தில் இருந்த கிழவர். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. கீழே இறங்குமுன் எஞ்சினியருக்கு மறுபடி நடுக்கம் வந்தது. வந்தபோது அது நல்ல அறிகுறி என்று எனக்குத் தெரியும், மனைவிக்கும் சொன்னேன். அவர் அழுதார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் வீட்டில் போய் இருக்கிறேன். எஞ்சினியர் கதிரையில் சாய்ந்துகொண்டு கதை சொல்கிறார். "ரெண்டு மணிபோல காலநிலை கொஞ்சம் மாறிட்டுது. நான் பதறேல்லை. காரை முதலாம் கியரில போட்டு, மெல்ல மெல்லக் கீழ இறக்கினன். அண்ணையும் வழியில நிண்டவர், அவரையும் ஏத்திக்கொண்டு வந்தனாங்கள்."

குளிர் பிடித்தவனுக்கு அந்த நேரம் நினைவில் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் சொல்லியிருப்பார்கள் அல்லவா. மனைவி தேத்தண்ணித் தட்டோடு நின்றார். என்னைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார். மாமனார் ஊருக்குப் போய்விட்டார். நான் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கூழ்ப் பானையைக் கொட்டகைக்குள் வைக்கச் சொன்னவன். வாயை மூடிக்கொண்டு கேக் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஆளின் வீட்டு வாசலை ஒரு வருடம் மிதிக்கவில்லை.

அடுத்த குளிர்காலம், ஒரு வியாழன் பின்னேரம், எஞ்சினியர் வீட்டில் இருந்து போன் வந்தது. மனைவி.

"அண்ணை, சனிக்கிழமை சங்கம் மலைக்குப் போகுது. உங்களிட்டைக் கேளாமல் நான் ஒருதரையும் அனுப்ப மாட்டன் எண்டு சொல்லிப் போட்டன். போகலாமோ?"

"ஆர் தலைமை?"

"இவர்தான்."

"அப்ப அவரையே கேக்கச் சொல்லுங்கோ."

போனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. தூரத்தில் இருவரும் ஏதோ கதைத்தார்கள். மனைவியின் குரல் ஏறியது, முதல் தரமாக. நான் காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை. கடைசியில் அவர் வந்தார்.

"என்ன மாதிரி அண்ணை சனிக்கிழமை?"

"அண்டைக்குக் காரை ஆர் கீழ இறக்கினது?"

"நீங்கள்தான்," என்றார் கடைசியில்.

"எனக்குக் கேக்கேல்லை. நாளைக்குச் சங்கக் கூட்டம் இருக்கல்லே. அதில சொன்னால் கேக்கும்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். நான் முன் வரிசைக் கதிரையில், புதுக் கோட்டோடு. எஞ்சினியர் எழும்பினார். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நாலே நாலு வசனத்தில் சொன்னார்: அண்ணை முதலே நேரம் சொன்னவர், நான் கேக்கேல்லை, எங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர், காரையும் அவர்தான் ஓட்டினவர். சொல்லிவிட்டு இருந்தார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. கொட்டகையில் சிரித்த அதே முப்பது பேர் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தார்கள். நான் எழும்ப அவசரப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், போட்டேன்.

"போகலாம்," என்றேன். "நாளைக்கு நல்ல வெய்யில். காத்தில்லை. ஆனால் செருப்போட போகாதேங்கோ."

மழை என்று பொய் சொல்லி அவருடைய பயணத்தைக் குழப்பியிருக்கலாம் என்று பிறகு ஒரு கூட்டாளி சொன்னான். அவனுக்கு விளங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் என் பெயர் போயிருக்கும், அந்த ஆள் வென்றிருப்பார். நான் சொன்ன மாதிரியே சனிக்கிழமை நீல வானம். எஞ்சினியர் மலையில் நிற்கும் படத்தை எனக்கு ஒருவர் காட்டினார். எல்லாரும் சிரிக்கிறார்கள், அவரைத் தவிர.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவரே போன் எடுத்தார். நானும் ஒவ்வொரு தரமும் சரியாகச் சொன்னேன். எழுபதுகள் முடிகிற நேரத்தில் வேலை மாறிச் சிட்னிக்குப் போய் பரமட்டாவில் வீடு எடுத்தார். அங்கிருந்தும் ஒருநாள் எடுத்தார், பிள்ளைகளோடு அந்தப் பக்கத்துப் பனிமலைக்குப் போகலாமோ என்று கேட்டு. அந்த மலைக்கு எங்கள் பக்கத்தைக் கடந்துதான் காற்று போகிறது. முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது, மூன்று நாளைக்கு ஒரு பயமும் இல்லை.

"சிட்னிப் பக்கத்துக் காத்து எனக்குத் தெரியாது தம்பி," என்றேன். "அங்க படிச்ச ஆக்கள் ஆரையும் கேளும்."